விடுகரை: ஆற்றோரம் உழாமல் விடும் நிலத்துக்கு ஒரு சொல்

> ஆற்றோரம் உழாமல் விடும் ‘buffer strip’-க்குத் ‘தாங்கல் பட்டை’ என்றே வைக்கலாமே ஐயா. வேதியியலில் ‘தாங்கல் கரைசல்’ (buffer solution) ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே.

வணக்கம் ஐயா.

வகுப்பறைக்கு அது சரி. நம் துண்டறிக்கையோ பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதிப் பக்கத்து நெல், தென்னை விவசாயிகளின் கைக்குப் போகிறது. தாங்கல் என்றால் ஏரி. வேடந்தாங்கல் நாம் எல்லோரும் அறிந்த ஊர்தானே. ஏதோ ஏரி வெட்டப் போகிறார்கள் என்று எண்ணிவிடுவார்கள்.

வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே சில மீட்டர் அகலத்தை உழாமல், உரம் போடாமல், புல்லோ மரமோ நிற்க விடுகிறோம். மழைநீர் அந்தப் புல்லில் வேகம் குறைந்து வண்டலை இறக்கிவிடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) பெரும்பாலும் மண் துகளை ஒட்டியே வருவதால் அங்கேயே தங்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) அப்படி இல்லை. நைட்ரேட்டாக நீரில் கரைந்து மண்ணுக்கடியில் போகும். ஈரமான வேர்மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதை வளியாக்கிக் காற்றில் விடுகின்றன. இரண்டும் தடுக்கப்படாமல் நம் ஆறான சித்தூர்ப்புழையில் இறங்கினால், பாரதப்புழை வழியே பொன்னானிக் கடல்வரை அவற்றுக்குப் பாதை இருக்கிறது. தேங்கும் இடத்தில் பாசி கொழுக்கும். அது அழுகும்போது நீரின் உயிர்வளி தீர்ந்து மீன் சாகும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2015-இல் இதைச் சட்டமாக்கியது: பொது நீர்நிலைக் கரைகளில் சராசரி 50 அடி, பொது வடிகால்களில் பதினாறரை அடி. டென்மார்க்கில் 2012-இல் நடைமுறைக்கு வந்த 10 மீட்டர் சட்டம் விவசாயிகளின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2016-இல் நீக்கப்பட்டது. இந்த இரண்டாவது செய்தி நமக்கு முக்கியம். நம் ஊரில் ஆற்றோரம் என்றதும் ‘புறம்போக்கு’ என்ற அச்சம் எழும். நிலம் பட்டாதாரருடையது, விடுவதும் அவரே என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

அதனால்தான் ‘விடுகரை’. வினைத்தொகை: விட்ட, விடுகிற, விடும் கரை. மேய்ச்சலுக்கு விட்ட நிலத்தை விடுநிலம் என்பது பழைய வழக்கு. அதோடு இது இயல்பாகச் சேர்கிறது.

> ‘புல்வரப்பு’ இன்னும் எளிதல்லவா? ‘விடு’ என்றால் களை மண்டவிட்ட நிலம் போல ஒலிக்கிறது.

வரப்பு நீரைத் தடுத்து நிறுத்துவது. இங்கே நீர் பரவி, மெல்ல, கடந்து போக வேண்டும். புல்வரப்பு என்று எழுதினால் மண்ணை மேடாக அணைத்துவிடுவார்கள், பயன் கெடும். களை பற்றிய ஐயம் நியாயமானது. அதற்கு ‘புல்விடுகரை’, ‘மரவிடுகரை’ என்று பிரித்தே எழுதலாம். என்ன நட வேண்டும் என்பதும் அதிலேயே விளங்கும். புல்லுக்கு வெட்டிவேர் நம் பக்கம் பழக்கமானது.

துண்டறிக்கையில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: வயல்நீர் வடிகால் வழியே நேராக ஆற்றில் விழுந்தால் விடுகரைக்கு வேலையே இல்லை. மேலுரத்தை இலை வண்ண அட்டை (இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையை அறியும் அட்டை) பார்த்துப் பிரித்துப் போடுவதும், உரமிட்ட கையோடு மடை திறக்காமல் இருப்பதும் அதற்கு முன்பே வர வேண்டும்.

கிருஷி பவனுக்குக் (வேளாண் அலுவலகத்துக்கு) கொடுக்கும் படியில் ‘விடுகரை’ என்றே எழுதிவிடுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.