"வீட்டுக்குள் யாரும் புகைப்பதில்லை": கேட்டவர்களும் பதில் சொன்னவர்களும்

களப்பணியாளர்

புகையிலைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையைச் சில மாதங்கள் பார்த்தேன். உலக வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின் மாதிரியில் அமைந்த கேள்வித்தாள். வீட்டில் 15 வயது நிரம்பியவர்களின் விவரங்களைக் கைக்கருவியில் ஏற்றினால், அதுவே ஒருவரைப் பொறுக்கிக் கொடுக்கும். கதவைத் திறந்தவரிடம் கேட்டு முடித்துவிட்டு நடையைக் கட்ட முடியாது.

ஒரு வீட்டில் மருமகளின் பெயர் வந்தது. "உங்கள் வீட்டுக்குள் யாராவது எவ்வளவு அடிக்கடி புகைக்கிறார்கள்?" என்று கேட்டு, தினமும், வாரந்தோறும், மாதந்தோறும், அதைவிடக் குறைவாக, ஒருபோதும் இல்லை என்று வரிசையாக வாசித்தேன். "ஒருபோதும் இல்லை" என்றார். சொல்லிக்கொண்டே ஜன்னல் விளிம்பில் இருந்த தகர மூடி ஒன்றைத் திரைக்குப் பின்னால் தள்ளினார். மூடி நிறையச் சாம்பல். உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

கண்ணால் பார்த்ததை எழுதக் கூடாது, அவர் வாயால் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித்தந்த பாடம். "ஒருபோதும் இல்லை"யை அழுத்தினேன். கோபம் வந்தது, அவர் மேல் அல்ல. பதில் சொல்பவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று எழுதிவைத்தவர்கள், இரண்டு அறை வீட்டில் அந்தத் தனிமையை எங்கே தேடுவது என்று எழுதவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மாடி வீட்டுக்காரி

நான் பதில் சொன்ன பக்கம். பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையைச் சொன்னேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

என் கணவர் பால்கனியில் நின்றுதான் புகைப்பார். கதவைச் சாத்திக்கொள்வார், பாதி. "பால்கனி உள்ளேயா, வெளியேயா தம்பி?" என்று கேட்டேன். அந்தப் பையன் கேள்வியை அதே குரலில் முதலிலிருந்து மறுபடி வாசித்தான். மூன்றாவது முறையும் வாசித்துவிடுவானோ என்று பயந்து "இல்லை" என்றேன். அந்த ஜன்னலின் திரைச்சீலையை ஊறவைத்தால் தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்கும். மற்ற அறைகளின் சீலைகளில் அப்படி இல்லை.

களப்பணியாளர்

அக்கா, நாங்கள் சொந்தமாக விளக்கம் சொன்னால் ஆளுக்கொரு விளக்கம் ஆகிவிடும் என்பதால் அப்படி வாசிக்கச் சொல்வார்கள். எங்கள் கையேட்டின்படி முழுவதும் அடைக்கப்படாத இடம் "உள்ளே" அல்ல. ஆகவே நீங்கள் சொன்னது சரியான பதில். திரைச்சீலைக்குக் கையேடு தெரியாது.

எண்களோடு மல்லுக்கட்டுபவன்

வீட்டுக் கேள்வியாவது நேரானது. பொது இடங்களைப் பற்றிய கேள்விதான் என் தலைவலி. முதலில் "கடந்த 30 நாட்களில் உணவகத்துக்குப் போனீர்களா?" என்று கேட்பார்கள். போனவர்களிடம் மட்டும் "அங்கே உள்ளே யாராவது புகைத்தார்களா?" என்பது அடுத்த கேள்வி. ஒரு கணக்குக்கு, 1,000 பேரில் 300 பேர் போனார்கள், அவர்களில் 90 பேர் புகையைக் கண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனவர்களில் 30 சதவீதம், எல்லோரிலும் 9 சதவீதம். இரண்டும் உண்மை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், முன்னைய அறிக்கையின் 30க்குப் பக்கத்தில் இந்த முறையின் 9ஐப் போட்டு "பெரும் வீழ்ச்சி" என்று தலைப்பு வைக்கச் சொன்னார்கள். அதைத் தடுக்க இரண்டு நாள் வாய்ச்சண்டை போட வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. என் அம்மாவுக்கு ஆஸ்துமா. புகை இருக்கும் என்று பயந்தே அவர் அப்படிப்பட்ட இடங்களுக்குப் போவதில்லை. "போகவில்லை" என்று சொன்ன கணமே அவர் அந்தக் கணக்கிலிருந்து வெளியே. புகையால் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவரைப் புகை தீண்டாதவர்களோடு சேர்த்து உட்காரவைக்கிறோம்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவள்

வாய் சொல்வதையும் உடம்பு சொல்வதையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் ஆய்வில் எச்சில் மாதிரி எடுத்திருக்கிறேன். நிகோட்டின் உடம்புக்குள் போனால் கோட்டினினாக மாறும். அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 16 முதல் 20 மணி நேரம் ஆகும். ஆக, அது சொல்வது கடந்த சில நாட்களின் கதை மட்டும். கேள்வித்தாள் கேட்பதோ 30 நாட்களின் கதை. இரண்டும் பொருந்தவில்லை என்றால் உடனே "பொய்" என்று முடிவுகட்டக் கூடாது.

எங்கள் மாதிரியில் ஓர் இரவுக் காவலாளி. புகைக்காதவர், வீட்டிலும் யாரும் புகைப்பதில்லை. வேலை திறந்தவெளியில் என்பதால் வேலையிடத்துக்குள் யாராவது புகைக்கிறார்களா என்ற கேள்வியே அவருக்கு வரவில்லை. ஆனால் எச்சிலில் கோட்டினின் எதிர்பார்த்ததற்கு மேல். திரும்பப் போய் உட்கார்ந்து பேசியபோது, வேலைக்குப் போகவர ஒரு நண்பரின் வேனில் ஏறுகிறார் என்று தெரிந்தது. நண்பர் வழியெல்லாம் புகைப்பாராம், கண்ணாடி ஏற்றியபடி. "நீங்கள் வேனைப் பற்றிக் கேட்கவே இல்லையே" என்றார். கேட்கவில்லைதான். பொதுப் போக்குவரத்தைப் பற்றிக் கேட்டோம், நண்பரின் வேனை மறந்தோம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் 1988 முதல் 1991 வரை எடுத்த தேசிய ஆய்வில், புகையிலை பயன்படுத்தாதவர்களில் கிட்டத்தட்ட 88 சதவீதம் பேரின் ரத்தத்தில் கோட்டினின் தென்பட்டது. வீட்டிலோ வேலையிடத்திலோ புகை உண்டு என்று சொன்ன பெரியவர்கள் 37 சதவீதம்தான்.

எண்களோடு மல்லுக்கட்டுபவன்

யாரைக் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. 1981இல் வெளிவந்த, ஹிராயாமா என்ற ஆய்வாளரின் ஜப்பானிய ஆய்வு புகைக்காத மனைவியர் 91,540 பேரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மனைவி எவ்வளவு புகையைச் சுவாசித்தார் என்று ஹிராயாமா அளக்கவில்லை. கணவர் எவ்வளவு புகைக்கிறார் என்பதை வைத்துப் பிரித்தார்.

இன்னும் விடாதவன்

அப்படியென்றால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் புகைப்பவன். கருவி என்னைத்தான் பொறுக்கியது. வீட்டுக் கேள்விக்கு "தினமும்" என்று உள்ளதைச் சொன்னேன், கேட்டவரே ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார்.

இரவில் மனைவியிடம், "உன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்றேன்.

"மாதம் ஒரு முறை."

"ஏன் மாதம் ஒரு முறை?"

"அதற்கும் குறைவாகச் சொன்னால் இந்த வாடையில் யார் நம்புவார்கள்?"