வேகமாகக் கை அசைத்தால் நல்ல இன்டர்பிரட்டரா?

கயல்_கோடா: "பேச்சு முடியும்போதே சைகையும் முடிய வேண்டும், அவர்தான் கெட்டிக்கார இன்டர்பிரட்டர்" என்று, காது கேளாதவர்களுக்குப் பேச்சைச் சைகை மொழியில் சொல்லும் இன்டர்பிரட்டர்களைப் பற்றி நேற்று சேது சார் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1986லேயே டென்னிஸ் கோக்லி என்ற அமெரிக்க ஆய்வாளர், நிஜ மாநாட்டில் இன்டர்பிரட்டர்களை எடுத்த வீடியோவை வாக்கியம் வாக்கியமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். பேச்சுக்கும் சைகைக்கும் நடுவே சராசரியாக 2 நொடி இடைவெளி விட்டவர்களுக்கு, 4 நொடி விட்டவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பிழை. சொல்லாமல் விட்டது, சேர்த்தது, மாற்றியது என்று வகை பிரித்து எண்ணியிருக்கிறார்.

சேது_மதுரை: எத்தனை பேரை வைத்து என்பதை மட்டும் சொல்லவில்லையே? நாலு பேர். நாலே நாலு பேர்! எங்கள் தெரு டீக்கடையில் இதைவிடக் கூட்டம் நிற்கும். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் இன்டர்பிரட்டரோடு ஆஜரானபோது, அந்த வேகத்தை சொலிசிட்டர் ஜெனரலே பாராட்டினார். அவரைவிட உங்களுக்குத் தெரியுமோ?

கயல்_கோடா: அவருக்குச் சட்டம் தெரியும். சைகை தெரியுமா? காது கேட்கிறவர்கள் கை வேகத்தைத்தான் பார்க்கிறார்கள், பொருள் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. என் அம்மா, அப்பா இருவருக்கும் காது கேட்காது. என்னைப் போன்ற பிள்ளைகளைத்தான் கோடா என்பார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடவே கூடாது." இன்டர்பிரட்டர் டாக்டரின் வாயோடு ஒட்டியே ஓடினார். மாத்திரை, சாப்பாடு, முன்னாடி, போடு. அம்மா 'சரி' என்று தலையாட்டிவிட்டு மாத்திரை அட்டையைப் பார்க்கக் குனிந்துவிட்டார். 'கூடாது' என்ற சைகை அம்மாவின் உச்சந்தலைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அன்று நான் பக்கத்தில் இல்லையென்றால்?

சேது_மதுரை: கண்ணீர்க் கதை வேண்டாம். நாலு பேர். அதுவும் ஆங்கிலத்திலிருந்து அமெரிக்கச் சைகை மொழிக்கு. நம் தமிழில் மறுப்பு கடைசியில் வரும், இந்தியச் சைகை மொழியிலும் 'இல்லை' கடைசியில்தான் வரும். வரிசை ஒத்துப்போகும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும்?

சொல்லாய்வன்: இருவரும் 'இன்டர்பிரட்டர்' என்றே எழுதுகிறீர்களே, உரைபெயர்ப்பாளர் என்ற சொல்லுக்கு என்ன குறை? போன தடவையும் சொன்னேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கயல்_கோடா: சொல்லாய்வன் அண்ணே, அதைத் தனியாக வைத்துக்கொள்வோம். சேது சார், கடைசியில் வரும் என்று தெரிந்தால் கடைசி வரை காத்திருக்கத்தானே வேண்டும்? மறுப்புக்குத் தலையசைப்பும் முகமும் சேர்ந்து வர வேண்டும். மறுப்பு வரப்போகிறது என்று தெரியாமல் முகத்தை எப்படி வைப்பது? நாலு பேர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் எண்ணியது தலைகளை இல்லை, பிழைகளை.

அன்வர்_திருச்சி: எனக்குக் காது கேட்காது. 'செவித்திறன் குறையுடையோர்' என்று யாரும் எனக்காக எழுத வேண்டாம், காது கேளாதவன் என்றே எழுதுங்கள். ரொம்பக் காத்திருந்து பாதியை மறந்த இன்டர்பிரட்டரும் எனக்கு வாய்த்திருக்கிறார். வகுப்பே சிரித்து ஓய்ந்த பிறகு எனக்கு ஜோக் வரும்.

சொல்லாய்வன்: 'ஜோக்' இல்லை, நகைச்சுவை.

சேது_மதுரை: அன்வரே சொல்லிவிட்டார்! இனி என்ன வேண்டும்?

கயல்_கோடா: அன்வர் உங்கள் பக்கம் என்று எங்கே சொன்னார்? மறந்துபோய் விட்டுவிடுவது வேறு, தெரிந்தே விட்டுவிடுவது வேறு. ஆஸ்திரேலியாவில் ஜெமினா நேப்பியர் 10 இன்டர்பிரட்டர்களை ஒரு பல்கலைக்கழக விரிவுரைக்குச் சைகை செய்யவைத்து ஆராய்ந்தார். விட்டுப்போனதெல்லாம் பிழையே இல்லை, பொருள் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்தே விடுவதும் உண்டு என்று காட்டினார். யோசிக்க நேரம் வேண்டாமா?

சேது_மதுரை: அப்போது நாலு, இப்போது பத்து. கிரிக்கெட் டீமுக்கு இன்னும் ஒரு ஆள் குறைகிறது. போன மாதம் உதட்டசைவு விவாதத்தில் என்னை மட்டம் தட்டினீர்களே, அந்தக் கோபம்தானே இது?

கயல்_கோடா: அன்றும் நீங்கள் சொன்னது தப்பு. இன்றும் தப்பு. அம்மாவின் மாத்திரைக்குப் பதில் சொல்லுங்கள்.

சேது_மதுரை: நாலு பேர்.