ராத்திரியில் பல் கடிக்கிறவங்களுக்குக் கடி பலம் ஜாஸ்தியா? உங்க அனுபவம் சொல்லுங்க

தட்டோன்காரன்:
எங்க வீட்டம்மா தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிப்பா. வயித்துல பூச்சின்னு மாமியார் வேப்பங்கொழுந்து அரைச்சுக் கொடுத்தாங்க, சத்தம் குறையலை. லபெட்டுல (பர்மாவுல ஊறவச்ச தேயிலையில செய்யுற பதார்த்தம்) கலக்கிற வறுத்த பட்டாணியை நான் கன்னத்துல ஒதுக்கி ஊறவைப்பேன். அவ மடக் மடக்னு கடிச்சுத் தீர்த்துடுவா. ஆம்பளைக்குத்தான் கடி பலம் அதிகம்னு சொல்றாங்களே, இங்க தலைகீழா இருக்கு!

ரங்கூன் பல் கிளினிக் அக்கா:
தம்பி, அது சராசரிக் கணக்கு. வயசுக்கு வர்ற வரை பையனுக்கும் பொண்ணுக்கும் பெரிசா வித்தியாசம் இருக்காது. அப்புறம்தான் ஆண்களுக்குத் தாடைத் தசை தடிக்குது. அதுலயும் எத்தனையோ பெண்கள் எத்தனையோ ஆண்களை முந்துவாங்க.

கன்னத்துல விரலை வச்சுக் கடைவாயை இறுக்கிப் பாருங்க. திரண்டு எழும்புதே, அதுதான் மாசிட்டர் தசை. வருஷக்கணக்கா பல் கடிக்கிற சிலருக்கு அது புடைச்சு முகமே சதுரமாத் தெரியும். 1986-ல அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல ஒரு ஆய்வுல ஒருத்தர் 975 பவுண்டு, அதாவது 442 கிலோ விசையில ரெண்டு நொடி கடிச்சுப் பிடிச்சார். பல் கடிக்கிறவங்க சிலரோட பலம் மத்தவங்களைவிட ஆறு மடங்கு வரை போகலாம்னு அந்த ஆய்வுல எழுதினாங்க. "சிலர்"தான், கவனிங்க. வேற ஆய்வுகள்ல ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியலை. பூச்சிக் கதையை விடுங்க. மனக்கவலை, சிகரெட், தண்ணி, ராத்திரி காபி, இதையெல்லாம் பாருங்க.

மோல்மீன் மச்சான்:
எங்கப்பா கொட்டைப்பாக்கை வெட்டாமலே கடிச்சு உடைச்ச ஆளு. குன்யா (பர்மாவுல வெத்தலைபாக்கு) போட்டுப் போட்டுக் கடைவாய்ப் பல்லெல்லாம் அம்மி மாதிரி தேஞ்சு போச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் பல்செட் கட்டினதும் சீவலைக்கூட மெல்ல முடியலை. தசை இருக்கு, ஆனா தாங்கிப்பிடிக்க வேர் இல்லையே! இப்போ உரல்ல இடிச்சுக் கொடுக்கறோம்.

பெகு பொண்ணு:
தட்டோன் அண்ணே, அண்ணியோட பலத்தை ரொம்ப மெச்சாதீங்க. நானும் அதே கேஸ்தான். காலையில எந்திரிச்சா தாடை கட்டிக்கும், காதுகிட்ட 'டக்'குனு சத்தம், பொட்டுல வலி. போன வருஷம் அடைச்சு வச்ச பல்லு ரெண்டாப் பொளந்துது. சோறு மெல்லும்போது நாம போடுற விசை கொஞ்சம்தான், தூக்கத்துல அந்தக் கட்டுப்பாடு இல்லைன்னு டாக்டர் சொன்னார். தாடை மூட்டு வலி பொம்பளைங்களுக்குத்தான் அதிகமாம். பலம் ஆம்பளைங்களுக்கு, வலி நமக்கு, நல்ல பங்கு! இப்போ ராத்திரி நைட் கார்டு, அதாவது பல்லுக்கு மேல போடுற உறை, மாட்டிக்கிறேன். பழக்கம் நிக்கலை, பல்லு தப்பிச்சுது.

ரங்கூன் பல் கிளினிக் அக்கா:
சரியாச் சொன்னம்மா. தட்டோன் தம்பி, உங்க வீட்டம்மாவோட முன்பல் நுனி வரிசையாத் தட்டையாகி இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. இருந்தா அளவெடுத்துச் செய்யுற கார்டுதான் நல்லது. சுடுதண்ணில போட்டுக் கடிக்கிற ரெடிமேடு வேணாம்.