சிறுவர் உரிமைகளை நாடு காக்கிறதா என்பதை ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு எப்படிக் கண்காணிப்பது?

கேள்வி: முன்பள்ளி ஆசிரியை, மூதூர்

அனைவருக்கும் வணக்கம். மூதூர் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் கிராமிய சிறுவர் அபிவிருத்திக் குழுவின் செயலாளர் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் கீழ் அரசாங்கம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பும் அறிக்கையோடு பக்கத்தில் வைத்து வாசிக்கத்தக்க மாற்று அறிக்கை ஒன்றைத் தயாரிப்பதற்காக, திருகோணமலை நகரில் இயங்கும் பெண்கள் அமைப்பொன்று கிராமங்களில் இருந்து தகவல் திரட்டி வருகிறது. எனக்கும் நீண்ட வினாக்கொத்து ஒன்றைத் தந்தார்கள். ஒரே பிற்பகலில் அதை நிரப்பி முடித்துவிட்டேன். முடித்த பிறகு அதில் கையொப்பம் இட மனம் ஒப்பவில்லை.

காரணம் இதுதான். பாடசாலை உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு என்று எழுதினேன். பிறப்புச் சான்றிதழ் உண்டா, தாய் சேய் சிகிச்சை நிலையம் உண்டா, சிறுவர் குழு கூடுகிறதா என்ற கேள்விகளுக்கும் அதே விடைதான். இந்தத் தாளை ஜெனிவாவில் இருந்து வாசிப்பவர் எங்கள் ஊரில் ஒரு குறையும் இல்லை என்றே எண்ணுவார். ஆனால் தாய் குவைத்துக்குப் போன பிறகு அம்மம்மாவோடு வாழும் இரண்டு சகோதரர்கள் வாரத்தில் 2 நாட்களாவது வகுப்புக்கு வருவதில்லை. தகப்பனோடு கடலுக்குப் போகும் 14 வயதுப் பையன் ஒருவனின் பெயர் பாடசாலை வரவு இடாப்பில் இன்னும் வெட்டப்படாமல் இருக்கிறது. இவர்களுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

எதைக் கணக்கெடுத்தால் நாங்கள் கண்ணால் காண்பது அந்த அறிக்கைக்குள் போகும்? நாங்கள் எழுதுவதை உண்மையில் யாராவது வாசிக்கிறார்களா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர், திருகோணமலை

அன்பின் ஆசிரியை அவர்களுக்கு, கையொப்பம் இடாமல் நிறுத்தியது சரியான செயல். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லி விடுகிறேன், ஏனெனில் வாசிக்கப்படாது என்ற எண்ணத்தோடு எழுதப்படும் எந்தத் தாளும் அக்கறையோடு எழுதப்படுவதில்லை.

சமவாயம் 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கை அதனை 1991 ஜூலையில் ஏற்புறுதி செய்தது. அந்நாளில் இருந்து, 44ஆம் உறுப்புரையின்படி, பிள்ளைகளுக்காக என்ன செய்தோம் என்று 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறுவர் உரிமைகள் குழுவுக்கு அறிக்கை கொடுக்கும் கடமை நமது அரசாங்கத்துக்கு உண்டு. அக்குழுவில் 18 சுயாதீன நிபுணர்கள் இருக்கிறார்கள். அரசாங்கத்தின் அறிக்கையை மட்டும் வாசித்து அவர்கள் முடிவுக்கு வருவதில்லை. யுனிசெப் போன்ற நிறுவனங்களும் சிவில் அமைப்புகளும் சிறுவர்களும் கொடுக்கும் தகவல்களையும் பார்த்துத்தான் அரசாங்கப் பிரதிநிதிகளிடம் கேள்வி கேட்கிறார்கள். இலங்கையின் ஐந்தாம், ஆறாம் அறிக்கைகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு 2018 ஜனவரியில் இவ்வாறு ஆராயப்பட்டன. அதன் பின் குழு வெளியிட்ட இறுதி அவதானிப்புகள்தான், அதாவது அரசு என்ன செய்ய வேண்டும் என்று குழு சொன்ன பரிந்துரைகள்தான், உங்கள் வேலைக்கு அளவுகோல். வினாக்கொத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்த அவதானிப்புகளில் உங்கள் கிராமத்துக்குப் பொருந்தும் நான்கைந்து பந்திகளை எடுத்து, அவற்றில் சொன்னது இங்கே நடந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் 6 அலுவல் மொழிகளில் தமிழ் இல்லை என்பதால், அந்தப் பந்திகளை நல்ல தமிழில் பெயர்த்து உங்கள் கிராமக் குழுவில் வாசிப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். அறிக்கைகள் பொதுமக்களுக்குப் பரவலாகக் கிடைக்கச் செய்வதும் அரசின் கடமை என்று அதே 44ஆம் உறுப்புரை சொல்கிறது.

இனி எதைக் கணக்கெடுப்பது என்பதற்கு வருகிறேன். எந்த உரிமையை எடுத்தாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சட்டமோ கொள்கையோ இருக்கிறதா? அதை நடத்துவதற்கு ஆளும் பணமும் வாகனமும் இருக்கின்றனவா? அதனால் பிள்ளையின் நாளாந்த வாழ்வு மாறியதா? உங்களுக்குத் தரப்பட்ட வினாக்கொத்து பெரும்பாலும் முதற் கேள்வியோடு நின்றுவிட்டது. சட்டப் பக்கத்தில் நாடு அசையவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்ந்தது. 2021இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதும் 14இல் இருந்து 16 ஆனது. குற்றப் பொறுப்புக்குரிய வயது 2018இல் 8இல் இருந்து 12க்கு உயர்த்தப்பட்டது. ஆகக்குறைந்தது 14 ஆக வேண்டும் என்று குழு 2019இல் எல்லா நாடுகளுக்கும் சொல்லியிருப்பதால், அங்கே இன்னும் தூரம் இருக்கிறது.

நீங்கள் சொன்ன பிள்ளைகள் நழுவிப் போவது இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில். குவைத்துக்குப் போன தாயின் விடயத்தையே எடுத்துக்கொள்வோம். சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வதற்கு முன் குடும்பப் பின்னணி அறிக்கை பெற வேண்டும் என்ற ஏற்பாடு 2013இல் வந்தது. 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ளவர் போகக்கூடாது என்றிருந்த எல்லை 2022இல், பொருளாதார நெருக்கடியின் நடுவே, 2 வயதாகக் குறைக்கப்பட்டது. தாய் விமானம் ஏறுவதற்கு முன் பிள்ளையை யார் பார்ப்பார் என்று எழுதி வாங்குகிறோம். அவர் போய் 6 மாதங்களின் பின் அந்த வீட்டுக்கு யார் போனார், எத்தனை தடவை போனார், என்ன கண்டார் என்பதைக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரின் பதிவேட்டில் அந்த வருகை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், இல்லை என்பதே உங்கள் அறிக்கையின் மிகப் பெறுமதியான வரியாக இருக்கும். அந்த உத்தியோகத்தரைக் குற்றம் சாட்டும் தொனியில் அதை எழுத வேண்டாம். நான் கடமையாற்றிய காலத்தில் இரண்டு பிரதேசப் பிரிவுகள் என் பொறுப்பில் இருந்தன. நீதிமன்ற அறிக்கைகளை எழுதி முடிக்கவே நாட்கள் போதாமல், பார்த்திருக்க வேண்டிய வீடுகளைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அந்த வீடுகளில் சில இன்றும் என் நினைவை விட்டுப் போகவில்லை. ஓர் உத்தியோகத்தருக்கு எத்தனை பிள்ளைகள், பயணச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பவற்றையும் சேர்த்து எழுதினால்தான் பொறுப்பு போக வேண்டிய இடத்துக்குப் போகும். கிடைக்கும் வளங்களின் உச்ச அளவுக்குச் செயற்பட வேண்டும் என்று 4ஆம் உறுப்புரை அரசையே பார்த்துச் சொல்கிறது.

இன்னும் ஓர் எச்சரிக்கை. முறைப்பாடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு அவசரமாகத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு உங்கள் பிரிவில் இருந்து போகும் அழைப்புகள் இவ்வாண்டு கூடியிருந்தால், துன்புறுத்தல் கூடிவிட்டது என்பது ஒரு விளக்கம். மக்கள் வாய் திறக்கத் துணிந்துவிட்டார்கள் என்பது இன்னொரு விளக்கம். முறைப்பாடே வராத கிராமத்தைக் கண்டுதான் நான் அதிகம் பயந்திருக்கிறேன். சிறுவர் இல்லங்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். ஓர் இல்லம் மூடப்பட்டதும் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்களா, வேறு மாவட்டத்து இல்லத்துக்கு மாற்றப்பட்டார்களா என்று தேடிப் பார்க்காமல், குறைந்த எண்ணிக்கையை முன்னேற்றம் என்று எழுதக்கூடாது.

பதில் 2: குடும்பநல உத்தியோகத்தர், குச்சவெளி

ஐயா சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். சுகாதாரப் பக்கத்தில் இருந்து ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 20.5 சதவீதமானோர் வயதுக்கேற்ற நிறை குறைந்தவர்கள், 17.3 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் குறைந்தவர்கள். இவை நாடு முழுவதற்குமான சராசரிகள். கொழும்பையும் வெருகலையும் ஒரே பானையில் போட்டு எடுத்த கணக்கை வைத்து, எங்கள் கரையோரக் கிராமம் ஒன்றில் எத்தனை பிள்ளைகள் அரைவயிற்றோடு படுக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

நாங்கள் மாதாமாதம் நிறுக்கும் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. சிகிச்சை நிலையத்துக்கு வந்த பிள்ளைகளில் எத்தனை பேரின் நிறை குறைந்திருக்கிறது என்றுதான் சதவீதம் வருகிறது. வராத பிள்ளை அந்தக் கணக்கின் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மீன்பிடி வேலைக்காகத் தற்காலிகமாக வாடி (கடற்கரைக் குடில்) அடித்துத் தங்கும் குடும்பங்களின் பிள்ளைகள், ஒரு பிரிவில் பதிந்து இன்னொரு பிரிவில் வாழும் பிள்ளைகள், இவர்களே பெரும்பாலும் வராதவர்கள். இவர்களே பெரும்பாலும் மெலிந்தவர்கள். ஆகவே ஆசிரியை அவர்கள் சதவீதத்தைக் கேட்பதற்கு முன், கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் 5 வயதுக்கு உட்பட்டோர் எத்தனை பேர், அவர்களில் கடந்த 3 மாதங்களில் ஒருமுறையேனும் நிறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் நீங்கள் தேடும் பிள்ளைகள் இருப்பார்கள்.

பதில் 3: பாடசாலை ஆசிரியர், கிண்ணியா

நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமான இதன் கீழ், பிரதேச செயலகம், வலயக் கல்விப் பணிமனை, மாகாணத் திணைக்களம் எதுவாயினும், அங்குள்ள தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் தெரிவிக்க வேண்டும்; மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். எனக்கு ஒரு பணிமனை முதலில் பதிலே அனுப்பவில்லை. மேன்முறையீட்டின் பின் ஒரு பக்கத் தாள் கிடைத்தது. அந்த ஒரு பக்கம், எங்கள் பாடசாலை அபிவிருத்திக் கூட்டத்தில் அதுவரை யாரும் பேசாத இடைவிலகல் விபரத்தை மேசைமேல் கொண்டுவந்தது. கேள்வியைச் சுருக்கமாக, ஆண்டும் பிரிவும் குறிப்பிட்டு, ஆண் பெண் என்று பிரித்துக் கேளுங்கள். தனிப்பட்ட பிள்ளையின் விபரத்தைக் கேட்காதீர்கள். அதை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு, மறுப்பதுதான் நியாயமும்.

வினாக்கொத்துகளில் வராத ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பர் 23 அன்று எங்கள் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், மக்களை ஏற்றிய மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அதற்கு முதல் நாள் யாராவது வந்து இங்கே பாடசாலை உண்டா என்று கேட்டிருந்தால், உண்டு என்றுதான் நானும் எழுதியிருப்பேன். பிள்ளை வீட்டில் இருந்து வகுப்பறைக்கு எப்படி வருகிறது என்று கேட்டிருந்தால் மட்டுமே வேறு விடை வந்திருக்கும். 6ஆம் உறுப்புரை சொல்லும் உயிர்வாழும் உரிமை, களப்பின் கரையில் நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. உங்கள் தாளில் பாதை, ஆறு, யானை நடமாட்டம், பேருந்து நேரம் ஆகிய எல்லாவற்றுக்கும் இடம் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: முன்பள்ளி ஆசிரியை, மூதூர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நிறுக்கப்படாத பிள்ளைகளின் கணக்கையும், தாய் வெளிநாட்டில் உள்ள வீடுகளுக்கான வருகைப் பதிவையும் முதலில் எடுக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம். பிள்ளைகளிடமே கேட்க வேண்டும் என்று 12ஆம் உறுப்புரை சொல்கிறது அல்லவா? எங்கள் சிறுவர் கழகத்தில் 20 பேர் வரை இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கலாமா? சிறிய ஊர், யார் சொன்னது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

பதில் 4: ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர், திருகோணமலை

கேட்கலாம், ஆனால் உனக்கு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். கிராமத்தின் படமொன்றைப் பெரிய தாளில் அவர்களையே வரையச் சொல்லி, பிள்ளைகள் போகப் பயப்படும் இடங்களையும் விருப்பத்தோடு போகும் இடங்களையும் குறிக்கச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளுக்கு வேறாக ஒரு தாள் கொடுங்கள். பாடசாலையில் அடி விழுகிறதா என்பது போன்ற விடயங்களை, பெயர் எழுதாத துண்டுக் கடதாசியில் எழுதிப் பெட்டியில் போடச் செய்யலாம். கையெழுத்தை அடையாளம் காணக்கூடிய எவரும் அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடாது, நீங்கள் உட்பட. கூட்டத்துக்கு முன் பெற்றோரின் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இடையில் எழுந்து போக விரும்பும் பிள்ளை காரணம் சொல்லாமல் போகலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அறிக்கையில் வயதையும் தெருவையும் சேர்த்து எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமம், ஆகவே கடலுக்குப் போகும் அந்தப் பையனின் விபரத்தை இங்கே எழுதியது போல அங்கே எழுத வேண்டாம்.

அன்றைய கூட்டத்தில் ஒரு பிள்ளை ஏதாவது கொடுமையைச் சொல்லிவிட்டால், அந்தக் கணமே அது கணக்கெடுப்பாக இல்லாமல் போய்விடுகிறது. அறிக்கை முடியும் வரை வைத்திருக்காமல், அன்றே உங்கள் பிரிவின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ 1929க்கோ அறிவியுங்கள். கூட்டம் வைக்கும் திகதியை அவருக்கு முன்கூட்டியே சொல்லி, அன்று அவர் பணிமனையில் இருப்பாரா என்று உறுதிசெய்த பிறகே பிள்ளைகளை அழையுங்கள்.