சிவில் வழக்கில் ஏழைக்குத் தேவை வக்கீலா, சமரசமா?

வைகைக்கரை:
இரு தரப்பையும் பேச வைத்து, சம்மதத்தோடு வழக்கை முடித்து வைக்கும் மக்கள் நீதிமன்றங்களை (லோக் அதாலத்) இன்னும் அடிக்கடி நடத்த வேண்டும். கட்டணம் இல்லை. நிலுவை வழக்கு அங்கே முடிந்தால், கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும். அப்பீல் கிடையாது, அதனால் இழுத்தடிப்பும் இல்லை. முன்சீப் கோர்ட், சப் கோர்ட், ஹைகோர்ட் என்று அலைந்து ஓய்ந்தவர்களைக் கேளுங்கள்.

தேனி செல்வி:
அப்பீல் இல்லை என்பதுதான் சார் என் பயமே. எங்கள் தெரு அக்கா ஒருவரின் பாகப்பிரிவினை வழக்கு அப்படித்தான் முடிந்தது. பூர்வீக நிலம், கிணறும் மோட்டாரும் உண்டு. இரண்டு லட்சம் தருகிறோம் என்றார்கள் அண்ணன்கள். மஞ்சள் பையில் பட்டா நகலோடு போனவர், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். 2005 இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டப்படி மகளுக்கும் பிறப்பிலேயே சம பங்கு உண்டென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கேட்டிருக்கலாம். அதுவும் தெரியாது.

வைகைக்கரை:
வருத்தமான விஷயம்தான். ஆனால் பெஞ்சில் நீதிபதி இருக்கிறார், சம்மதம் இல்லாவிட்டால் வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே போய்விடும். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கருப்பு அங்கி:
நான் இலவச சட்ட உதவிப் பட்டியலில் இருக்கும் வக்கீல். ஒரே நாளில் அத்தனை வழக்குக் கட்டுகளையும் பார்க்கிற பெஞ்ச், பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எப்போது புரட்டிப் பார்க்கும்? விபத்து இழப்பீடு, பேங்க் கடன் என்றால் பேசி முடிக்கலாம், நல்லதுதான். நிலப் பங்கு அப்படியில்லை. கையெழுத்தான பிறகு ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம், அதுவும் மோசடி மாதிரி வெகு சில காரணங்களுக்கு மட்டும். எங்களுக்குத் தரும் ஃபீஸோ மிகக் குறைவு, வருவதும் தாமதம். அனுபவசாலிகள் பட்டியலில் சேரத் தயங்குவது இதனால்தான். முதலில் அதை உயர்த்துங்கள்.

வைகைக்கரை:
ஃபீஸை உயர்த்தினால் மட்டும் வழக்கு வேகமாக முடியுமா சார்? யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை, நிலத்தை அளக்க ஆணையர், பிரித்துக் கொடுக்க இறுதித் தீர்ப்பாணை, அப்புறம் அதை அமல்படுத்த நிறைவேற்று மனு. பேரன் காலத்தில்தான் வேலி போட முடியும்.

தேனி செல்வி:
சமரசமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துக்கு முன்னால் இலவச வக்கீல் ஒருவர் தனியாக உட்கார்ந்து, "உங்கள் பங்கு இவ்வளவு, இவர்கள் தருவது இவ்வளவு" என்று சொல்லியே ஆக வேண்டும், அவ்வளவுதான்.

வைகைக்கரை:
அதற்கு இன்னொரு வாய்தா போகும்.

தேனி செல்வி:
போகட்டும் சார். நிலத்தை இழப்பதற்கு ஒரு வாய்தா தள்ளிப்போவது எவ்வளவோ மேல். 15100 என்ற சட்ட உதவி இலவச தொலைபேசி எண்ணையாவது எல்லா வி.ஏ.ஓ. ஆபீஸ் சுவரிலும் எழுதிப் போடச் சொல்லுங்கள்.