ஸ்டாம்ப்பாட்: உருளையும் கீரையும் மசிக்கையில் எங்கே பிசகுகிறது?

ஸ்டாம்ப்பாட் என்பது உருளைக்கிழங்கையும் கீரையையும் சேர்த்து மசித்துச் செய்யும் நெதர்லாந்து உணவு. அதைச் செய்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, பசை மாதிரி இழுக்கிறது. மற்றொன்று, தட்டில் போட்டதும் ஓரத்தில் தண்ணீர் விடுகிறது. பழியைக் கீரைமேல் போடுவார்கள். உண்மையில் இரண்டும் உருளைக்கிழங்கிலும் அதன் ஈரத்திலும் தொடங்குபவை.

நெதர்லாந்துக் கடைகளில் உருளைக்கிழங்குப் பையின் மேலேயே வகை எழுதியிருக்கும். 'ஃபாஸ்ட்கோகென்ட்' என்றால் வெந்தாலும் உடையாதது; சாலடுக்கு நல்லது, இதற்கு ஆகாது. 'க்ரைமிக்' என்று போட்டதை எடுங்கள். மாவுச்சத்து அதிகம், வெந்ததும் ஓரம் உதிரத் தொடங்கும், மத்தை லேசாக அழுத்தினாலே போதும். ஐகென்ஹைமர், பிந்த்யே இரண்டும் அருமை. பிந்த்யே ஃப்ரீஸ்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் உருவாக்கி 1910இல் சந்தைக்கு வந்த வகை. மசியலுக்கு இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். உடையாத வகையை வாங்கிவிட்டால் கட்டி போகும்வரை அடித்து மசிக்க வேண்டிவரும். அடிக்க அடிக்கத்தான் மாவுச்சத்து வெளியே வந்து பசையாகிறது. மிக்ஸி, ஹேண்ட் பிளெண்டர் பக்கமே போக வேண்டாம். நம் கீரை மத்து தாராளமாகப் போதும்.

பூரன்கோல், அதாவது முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த சுருட்டை இலைக் கேல் கீரை சேர்த்துச் செய்வதுதான் எல்லாவற்றிலும் பிரபலம். நான்கு பேருக்கு: உருளை ஒன்றரைக் கிலோ, நறுக்கிய கேல் 500 முதல் 600 கிராம், வெண்ணெய் 50 கிராம், சூடான பால் 150 மில்லி, கடுகு விழுது ஒரு மேசைக்கரண்டி, ஜாதிக்காய், மிளகு. பாத்திரம் ஐந்து லிட்டராவது இருக்கட்டும். 600 கிராம் கேல் பச்சையாக இருக்கும்போது மலைபோல் தெரியும். முதல் பாதி சுருங்கிய பிறகு மீதியைப் போடலாம். நறுக்கி விற்கும் பைகளில் தடித்த தண்டும் கலந்திருக்கும். பொறுக்கி எறியுங்கள், எவ்வளவு வேகவைத்தாலும் அது நாராகத்தான் நிற்கும்.

உருளையை 4 சென்டிமீட்டர் துண்டுகளாக அடியில் பரப்பி, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு உப்புப் போடுங்கள். கேலை மேலே குவித்து மூடுங்கள். கேல் தண்ணீரில் முங்கக் கூடாது, ஆவியில்தான் வேக வேண்டும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம்.

வடிக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வடித்த பாத்திரத்தை மூடாமல் மறுபடி சிறுதீயில் ஒரு நிமிடம் வைத்துக் குலுக்குங்கள். ஆவி புகைந்து, உருளையின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்தாற்போல் தெரியும். அப்போதுதான் மத்தை எடுக்க வேண்டும். பலர் தாண்டிப் போகும் படி இது, பாதி வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. முதலில் வெண்ணெய் போட்டு மசித்து, பிறகு பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். குளிர்ந்த பால் ஊற்றினால் சூடு இறங்கிவிடும், கலக்கவும் கூடுதல் நேரமாகும். இறுக்கமாக இருந்தால் எடுத்து வைத்த தண்ணீர். கடுகு விழுதும் ஜாதிக்காயும் கடைசியில். உப்பை அதற்கும் பிறகு சுவைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தொட்டுக்கொள்ளும் சாசேஜில் உப்பு ஏற்கெனவே தூக்கலாக இருக்கும்.

* * *

தண்ணீர் விஷயத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிரஷர் குக்கர். நம் ஆட்கள் பலர் உருளையையும் கேலையும் ஒன்றாகப் போட்டு மூன்று விசில் விடுகிறார்கள். உருளை தண்ணீரைக் குடித்துக் குழைந்துவிடும், கேல் பச்சை மாறிப் பழுப்படிக்கும். அவசரமென்றால் உருளையை மட்டும் தட்டில் வைத்து ஆவியில் வேகவிட்டு, கேலைத் தனி வாணலியில் கொஞ்சம் வெண்ணெயும் கால் டம்ளர் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் வதக்குங்கள்.

உறைபனி விழுந்த பிறகு பறித்த கேல்தான் ருசி என்று அங்கே வழிவழியாகச் சொல்வார்கள். அதில் பொருள் இருக்கிறது. குளிரில் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். கசப்பாகத் தெரிந்தால் உருளையோடு ஒரு சின்ன ஆப்பிளை நறுக்கிப் போடுங்கள்.

* * *

கூடத் தொட்டுக்கொள்வது ரோக்வோர்ஸ்ட் என்கிற புகையூட்டிய சாசேஜ். காற்றுப்புகாத உறையில் வருவது ஏற்கெனவே வெந்தது, சூடேற்றினால் போதும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, சாசேஜை உள்ளே விட்டு 15 முதல் 20 நிமிடம். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் போட்டால் தோல் நீளவாக்கில் வெடித்து, கொழுப்பும் புகை வாசனையும் தண்ணீரோடு போய்விடும். முள்கரண்டியால் குத்தவும் வேண்டாம்.

இறைச்சிக் கடையில் வாங்குவது பச்சையா வெந்ததா என்று கேட்டே வாங்குங்கள். பச்சை என்றால் 80 டிகிரித் தண்ணீரில், நடுப்பகுதி 70 டிகிரி தொடும்வரை வேக வேண்டும். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு மாட்டிறைச்சியில் செய்தது கிடைக்கிறது, ஹலால் முத்திரையோடும் உண்டு. சைவத்திலும் வந்துவிட்டது. ஆனால் சைவ வகையில் கொழுப்புக் குறைவு என்பதால் மசியலில் வெண்ணெயை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.

* * *

ஆன்டைவி என்ற, லேசாகக் கசக்கும் சாலட் கீரை போட்ட ஸ்டாம்ப்பாட்டுக்கு வருவோம். என்னைக் கேட்டால் கீரை மசியலில் இதுதான் முதலிடம், தப்பு நடக்க வாய்ப்பும் இதில்தான் அதிகம். கீரை அடுப்பேறுவதே இல்லை. பச்சையாக அரை சென்டிமீட்டர் கீற்றாக அரிந்து, சூடான மசியலில் புரட்டுவது மட்டும்தான். ஒரு கிலோ உருளைக்கு 400 கிராம் கீரை சரியான அளவு. 500க்கு மேல் போனால் மசியலின் சூடு போதாது.

அடித்தண்டின் இடுக்கில் மண் ஒளிந்திருக்கும், அதனால் இலையைப் பிரித்து, அரிவதற்கு முன்பே கழுவ வேண்டும். அரிந்த பிறகு கழுவினால் வெட்டிய ஓரமெல்லாம் நீர் ஏறி நிற்கும். கழுவியதை வடித்தால் போதாது. துண்டில் பரப்பி ஒற்றி எடுங்கள், அல்லது சாலட் சுற்றும் கூடையில் சுற்றுங்கள்.

உப்பைக் கீரையில் தூவவே கூடாது. உப்புப் பட்ட பச்சை இலை உடனே நீர் விடும், அந்த நீர்தான் தட்டின் ஓரத்தில் தேங்குகிறது. உருளையிலேயே சரியான உப்பு இருக்க வேண்டும். மசியல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக, நன்றாகச் சூடாக இருக்கும்போது மூன்று தவணையாகக் கீரையைச் சேர்த்து, மத்தை வைத்துவிட்டு மரக்கரண்டியால் கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள். முதல் தவணை வாடித் துவளும், கடைசித் தவணை கடித்தால் நறுக்கென்று இருக்கும். இரண்டும் ஒரே கவளத்தில் வருவதுதான் இதன் ருசி. புரட்டிய கையோடு பரிமாறிவிடுங்கள்.

கூடச் சேர்க்க 150 கிராம் பன்றிக்கொழுப்புத் துண்டுகள்: எண்ணெய் விடாமல், சூடேறாத வாணலியில் போட்டு மெல்ல உருக்கிப் பொரியுங்கள். உருகிய கொழுப்பில் பாதியை வெண்ணெய்க்குப் பதில் மசியலில் விடலாம். சைவமென்றால் கொஞ்சம் முதிர்ந்த கௌடா சீஸை ஒரு சென்டிமீட்டர் கட்டங்களாக்கிக் கடைசியில் போடுங்கள். உருகி ஓடாமல் இளகி நிற்க வேண்டும். வசந்தத்தில் ராப்ஸ்டேலன் என்ற இளந்தளிர் டர்னிப் கீரை வந்தால் அதையும் இதே முறையில் செய்யலாம். லேசான கடுகுக் காரம் இருக்கும், அதனால் கடுகு விழுதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

* * *

புளித்த முட்டைக்கோஸ் போட்டுச் செய்யும்போது உருளை வேகாமல் கல்லாக நிற்கிறது என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். காரணம் புளிப்பு. அமிலம் இருக்கும் தண்ணீரில் காயின் நார்ப்பசை இளகாது. கோஸைப் பிழிந்து தனியாக 20 நிமிடம் வேகவைத்து, மசித்த உருளையில் கலந்தால் தொல்லையே இல்லை.

* * *

கீரை இல்லாததுதான், ஆனாலும் ஹுட்ஸ்பாட் இதே குடும்பம். ஒரு கிலோ உருளை, ஒரு கிலோ பருத்த குளிர்காலக் கேரட், அரைக் கிலோ வெங்காயம். கேரட் மெதுவாக வேகும் என்பதால் அதை ஒன்றரை சென்டிமீட்டராகவும் உருளையைப் பெரிதாகவும் வெட்டுங்கள். கேரட்டில் நீர் அதிகம், பாலே தேவைப்படாது. வெண்ணெய் மட்டும் போதும். கூடவே மாட்டின் விலாப்பக்க இறைச்சியைப் பிரிஞ்சி இலை போட்டு இரண்டரை, மூன்று மணி நேரம் சிறுதீயில் விட்டு, அந்தச் சாற்றிலேயே காய்களை வேகவைத்தால் தனி ருசி.

நெதர்லாந்தின் லைடன் நகரில் அக்டோபர் 3 அன்று இதைத்தான் சமைப்பார்கள். 1574இல் அதே நாளில் ஸ்பானியப் படை முற்றுகையை விட்டு ஓடியபோது, கைவிட்ட அரணில் ஒரு பானைக் குழம்பு கிடைத்தது என்பது ஊர்க்கதை. அந்தப் பானை என்று சொல்லப்படுவது அங்குள்ள லாக்கன்ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கு அந்நாட்டுச் சமையலுக்குள் அப்போது வந்திருக்கவில்லை. பார்ஸ்னிப் (வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும்) போன்ற கிழங்குதான் அதில் இருந்திருக்கும். பார்ஸ்னிப் கிடைத்தால் உருளையில் கால் பங்கை அதற்கு மாற்றிப் பாருங்கள், இனிப்பு கூடும்.

* * *

மிச்சமானதற்கு ஒரு குறிப்பு. கேல், ஹுட்ஸ்பாட் இரண்டும் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், ஃப்ரீசரிலும் வைக்கலாம். ஆன்டைவியை உறைய வைக்காதீர்கள், கரைந்ததும் கொழகொழவென்று நீராகிவிடும். மறுநாள் மைக்ரோவேவை விடத் தோசைக்கல் மேல். வெண்ணெய் உருகியதும் மசியலை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, நடுத்தீயில் ஆறேழு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடி பொன்னிறமாகிப் பிடிமானம் வந்தபின் திருப்புங்கள், முன்பே கிளறினால் ஒட்டிக்கொண்டு பிய்ந்துபோகும்.