உகி ஓதோஷியின் மூன்றாவது அடி: வழிகாட்டுங்கள்

ஜூடோ பயிலும் நண்பர்களுக்கு வணக்கம். வீச்சுகளை வரையறுத்த வரிசையில் இருவராகச் செய்து காட்டும் நாகே நோ காதா பழகி வருகிறேன். அதன் 15 வீச்சுகளில் முதலாவதான உகி ஓதோஷியைத் தாண்ட முடியவில்லை.

இடுப்பாலும் காலாலும் தடுக்காமல், பின்வாங்கியபடியே எதிராளியை நிலைகுலைத்து, மூன்றாவது அடியில் இடது முழங்காலை ஊன்றி இழுத்து வீழ்த்த வேண்டும். நான் இழுத்தால், எதிராளியாக நிற்கும் பயிற்சித் துணைவர் முன்னால் சாய்கிறார், விழுவதில்லை. அவரே குதித்து உருண்டுவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 1882-இல் கோதோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, நிலைகுலைத்த பிறகே வீச்சு என்று கற்பித்தவர். அது நிகழாத காதா வெறும் ஒத்திகை நடனம்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். முழங்காலை எப்போது ஊன்றுகிறீர்கள்? துணைவருடைய எடை அவரது வலது காலில் முழுதாக இறங்கும் முன்பா, இறங்கிய பின்பா? முதல் இரண்டு அடிகளிலேயே இழுப்பு தொடங்கிவிட வேண்டுமா? விசை கைகளிலிருந்து வருகிறதா, உடல் தாழும் வேகத்திலிருந்தா? என் முழங்கால் நேர் பின்னால் போகிறது. சற்றுச் சாய்வாகப் பின்னால் வைக்க வேண்டும் என்கிறார் பயிற்சித் தோழர் ஒருவர். எவ்வளவு சாய்வு?

கால்களின் நிலையைப் பக்கவாட்டிலிருந்து காட்டும் வீடியோ இருந்தால் அவசியம் பகிருங்கள்.